விரைந்து பலிக்கும் மருந்தும் விலகாத மனச்சோர்வும்

வால்பாறைத் தேயிலைத் தோட்டத்திலோ மதுக்கரைப் பக்கத்து ஊர் ஒன்றிலோ சிறுத்தை நுழைந்துவிட்டதென்றால், வனத்துறையின் கால்நடை மருத்துவர் தொலைவில் நின்று ஊசித் துப்பாக்கியால் அதன் தொடையில் செலுத்தும் மயக்க மருந்துக் கலவையில், சைலசினுடன் கெட்டமைன் என்ற மருந்தும் சேர்ந்திருப்பது வழக்கம். மயக்க மருந்து இயந்திரமும் பிராணவாயுக் குழாயும் போதிய அளவில் இல்லாத சிற்றூர் ஆஸ்பத்திரிகளில், எலும்பு முறிந்தவர்களையும் தீக்காயம் பட்ட குழந்தைகளையும் வேதனை தெரியாமல் காத்து வந்ததும் அதே கெட்டமைன்தான். மூச்சை ஒடுக்காமலும் இரத்த அழுத்தத்தை வீழ்த்தாமலும் மயக்கத்தைத் தரும் இந்த அரிய குணத்துக்காகவே, உலக சுகாதார ஸ்தாபனம் 1985 முதல் அதை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. இத்தனை பழையதும் விலை மலிந்ததுமான ஒரு மருந்து, வேறு எந்த மருந்துக்கும் இணங்காத மனச்சோர்வை ஒரு பகற்பொழுதுக்குள் தளர்த்தக் கூடும் என்று தெரியவந்ததானது, மூளையைப் பற்றி மருத்துவ உலகம் அரை நூற்றாண்டாகக் கொண்டிருந்த சித்தாந்தத்தையே அசைத்துவிட்டது. அந்த அசைவு எப்படி நேர்ந்தது, அதனால் நம்மவர்க்கு விளையக்கூடிய நன்மை எவ்வளவு என்பதை நிதானமாக ஆராய்வதே இக்கட்டுரையின் உத்தேசம்.

கொங்கு நாட்டில் மனச்சோர்வு பெரும்பாலும் தன் சொந்தப் பெயரோடு வருவதில்லை. மூன்று ஷிப்டும் பார்த்துப் பழகிய மில் தொழிலாளியும், சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறவரும், திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்வரும் பெண்ணும், பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் விவசாயியும் மருத்துவரிடம் முதலில் சொல்வது தலைப்பாரத்தையும், நெஞ்செரிச்சலையும், உடல் முழுதும் பரவிய வலியையும், விடியற்காலை மூன்று மணிக்கே கலைந்துவிடும் உறக்கத்தையும்தான். இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் முடிந்து ஒரு குறையும் இல்லையென்று ஆன பிறகே, "எதுலயும் மனசு நிக்க மாட்டேங்குதுங்க" என்ற வார்த்தை மெல்ல வெளிவருகிறது. உழைப்பையே ஒழுக்கமாகப் போற்றும் சமூகத்தில், படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடப்பதென்பது நோயாகத் தோன்றாமல் குற்றமாகவே தோன்றிவிடுகிறது. "நாலு வேலையப் பாத்தா எல்லாஞ் செரியாப் போயிரும்" என்று பெரியவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் எழுந்து நடக்கும் சக்தியே வற்றிப்போனவருக்கு அந்த அன்பும் ஒரு குற்றச்சாட்டாகவே காதில் விழுகிறது.

இது நம் பிரதேசத்துக்கு அந்நியமான விஷயம் என்று ஒதுக்கவும் இடமில்லை. 1990 முதல் 2017 வரையிலான காலத்தை மாநிலவாரியாக ஆராய்ந்து லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளிவந்த அறிக்கை, இந்தியாவில் மனச்சோர்வு நோய்களால் வருந்துவோர் ஏறத்தாழ 4.57 கோடி என்று கணக்கிட்டதோடு, மக்கள்தொகை விகிதப்படி அந்நோய் மிகுதியாகக் காணப்படும் மாநிலம் தமிழ்நாடு என்றும் கூறிற்று. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உள்ளிட்ட பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வோ, கடும் மனச்சோர்வு உடையவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் சிகிச்சையே பெறவில்லை என்று காட்டிற்று. எஞ்சிய பதினைந்து பேரிலும் முதல் மருந்திலேயே முற்றிலும் தேறுகிறவர்கள் சிலரே. அமெரிக்காவில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்து நடத்தப்பெற்ற ஸ்டார்-டி என்ற பெரிய ஆய்வில், முதல் மருந்தினால் நோய்க்குறிகள் நீங்கப்பெற்றவர்கள் ஏறத்தாழ மூவரில் ஒருவர்தான். இரண்டு வெவ்வேறு மருந்துகளை உரிய அளவில், உரிய காலம் உட்கொண்டும் குணம் காணாத நிலையையே மருத்துவர்கள் சிகிச்சைக்கு இணங்காத மனச்சோர்வு என்று வகுத்திருக்கிறார்கள். மருந்து பலிக்கவில்லை என்றால் நோயாளியின் மனோதிடம் போதவில்லை என்று குடும்பத்தார் முடிவுகட்டிவிடுகிற கொடுமை இந்த இடத்தில்தான் நிகழ்கிறது.

மனச்சோர்வுக்கு மருந்து கண்ட வரலாறு நம் நாட்டுப் பச்சிலை ஒன்றோடும் காசநோயோடும் பின்னிக் கிடப்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வளரும் சர்ப்பகந்தியின் வேர், உன்மத்தத்துக்கும் உறக்கமின்மைக்கும் நாட்டு வைத்தியர்களால் நெடுங்காலம் பயன்படுத்தப்பட்டது. 1931இல் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் அதன் குணங்களை எழுதி வெளியிட்டார்கள். இரத்தக் கொதிப்புக்கு அது சிறந்த மருந்தென்பதை பம்பாயில் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் ஆங்கில மருத்துவ இதழொன்றின் மூலம் உலகுக்கு அறிவித்தார். அவ்வேரிலிருந்து 1952இல் ஸ்விட்ஸர்லாந்தின் சீபா ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுத்த ரெசர்பின் என்ற சத்தை உண்டவர்களில் சிலர் மனம் தளர்ந்து சோர்ந்தார்கள் என்ற செய்தியும், அச்சத்து மூளையிலுள்ள செரட்டோனின் முதலிய அமீன்களை வற்றச் செய்கிறது என்ற கண்டுபிடிப்பும் ஏககாலத்தில் வந்து சேர்ந்தன. ரெசர்பினால் விளைந்த சோர்வு மிகைப்படுத்திச் சொல்லப்பட்டது என்று பிற்கால ஆராய்ச்சியாளர் கருதினாலும், அக்காலத்தில் அது பெரும் பிரமாணமாகவே கொள்ளப்பட்டது.

அதே 1952இல், நியூயார்க் நகரைச் சேர்ந்த ஸீ வியூ என்ற காசநோய் மருத்துவமனையில் இப்ரோனயாசிட் என்ற புதிய மருந்தை உண்ட நோயாளிகள், நுரையீரல் தேறுவதற்கு முன்பே உள்ளம் தேறி, பசியெடுத்து, பேசிச் சிரித்து, கூடத்தில் நடனமும் ஆடினார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. நம் பெருந்துறையில் காசநோயாளிகளுக்கென்று ஏற்பட்டு, பிற்காலத்தில் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்த பின்பும் சானடோரியம் என்ற பெயர் மாறாமல் வழங்கிவரும் இடத்தை அறிந்தவர்கள், நீண்ட நாள் படுக்கையில் கிடந்த காசநோயாளியின் முகம் எப்படி இருக்கும் என்பதையும் அறிவார்கள். அந்த முகத்தில் சிரிப்பு வந்ததென்றால் அதை மருத்துவர்கள் கவனியாமல் விட முடியுமா? இப்ரோனயாசிட் அமீன்களைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பது என்று தெரிந்ததும், அமீன் குறைந்தால் மனம் சோரும், அமீன் நிறைந்தால் மனம் தேறும் என்ற சித்தாந்தம் உறுதிப்பட்டது. ஸ்விஸ் மருத்துவர் ரோலண்ட் கூன் கண்ட இமிப்ரமின் முதல், 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃப்ளூவாக்ஸெட்டின் வரை, பின்வந்த மருந்துகளெல்லாம் அந்தச் சித்தாந்தத்தின் சந்ததிகளே.

அந்த மருந்துகளால் கோடிக்கணக்கானோர் பிழைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆயினும் அவற்றின் நடுவே ஒரு புதிர் எப்போதும் உறுத்திக்கொண்டே இருந்தது. மாத்திரை உண்ட சில மணி நேரத்திலேயே மூளையின் நரம்பணுச் சந்திகளில் செரட்டோனின் பெருகத் தொடங்கிவிடுகிறது. மனமோ தேறுவதற்கு மூன்று வாரமும் ஆறு வாரமும் எடுத்துக்கொள்கிறது. குறைந்துபோன பொருள்தான் நோய்க்குக் காரணமென்றால், பொருள் வந்து நிறைந்த அன்றே நோய் ஏன் நீங்கவில்லை? உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு கொண்டுவரப்பட்ட ஒருவருக்கு அந்த ஆறு வாரம் எத்தனை நீண்டது என்பதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து விழித்திருந்த உறவினர்களே அறிவார்கள்.

விடைக்கான குறிப்பு ஒன்று 1959லேயே வெளிவந்தது. ஆனால் அதைப் பின்தொடர்வார் அப்போது அதிகம் இல்லை. சைக்ளோசெரின் என்ற இன்னொரு காசநோய் மருந்தை உண்ட நோயாளிகளில் சிலருக்கு மனச்சோர்வு நீங்கியதை ஜார்ஜ் கிரேன் என்ற மருத்துவர் கவனித்து எழுதினார். இன்றும் மருந்துக்கு இணங்காத காசநோய்க்கு நம் நாட்டில் கொடுக்கப்பட்டு வரும் அந்த மருந்து, சிலருக்கு மனக்கலக்கத்தையும் விளைவிக்கும் என்பதால் அதைக் கொண்டாட முடியவில்லை. ஆனாலும் அது மூளையில் செயல்படும் இடம் அமீன்களின் இடமன்று. அது குளுட்டமேட் என்ற வேறொரு பொருளின் வாயில். அரை நூற்றாண்டுக்குப் பின் கெட்டமைன் வந்து தட்டியதும் அந்த வாயிலைத்தான்.

கெட்டமைனை 1962இல் தயாரித்தவர் டெட்ராய்ட் நகரப் பேராசிரியர் கால்வின் ஸ்டீவன்ஸ். 1964இல் மனிதர்களுக்கு முதன்முதலாகக் கொடுத்துப் பார்த்தவர் எட்வர்ட் டொமினோ. வியட்நாம் போர்க்களத்தில் காயமுற்ற சிப்பாய்களுக்கு அது பெரிதும் பயன்பட்டது. மயக்கத்துக்கு வேண்டிய அளவில் சிறு பங்கை மட்டும், உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராம் வீதம், நாற்பது நிமிஷ நேரம் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றி, யேல் பல்கலைக்கழகத்தார் ஏழு மனச்சோர்வு நோயாளிகளிடம் பரிசோதித்து 2000இல் வெளியிட்ட முடிவு, அளவில் சிறியதாயிருந்ததாலோ என்னவோ, சில ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 2006இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த கார்லோஸ் ஸராட்டேயின் குழு அதே பரிசோதனையை, பல மருந்துகளும் பலிக்காத பதினெட்டுப் பேரிடம் நடத்தியபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. கெட்டமைன் ஏற்றப்பட்டவர்களில் நூற்றுக்கு எழுபத்தொரு பேருக்கு மறுநாளே நோய்க்குறிகள் பாதிக்கு மேல் குறைந்தன. அவர்கள் அதுவரை உண்டு தோற்ற மருந்துகளின் நீண்ட பட்டியலை நினைத்துப் பார்த்தால், அந்த ஒரு நாளின் அருமை விளங்கும்.

இனி மூளைக்குள் நடப்பதென்ன என்று பார்ப்போம். நரம்பணு ஒன்று மற்றொன்றை எழுப்பிவிடுவதற்கு மூளை மிகுதியாகப் பயன்படுத்தும் இரசாயனம் குளுட்டமேட். அடக்கிவைப்பதற்குப் பயன்படுத்துவது காபா. குளுட்டமேட் வந்து படியும் ஏற்பிகளில் என்எம்டிஏ என்பது ஒன்று, ஆம்பா என்பது மற்றொன்று. சாதாரண நிலையில் என்எம்டிஏ ஏற்பியின் துவாரத்தை மக்னீசிய அயனி அடைத்துக்கொண்டிருக்கும். நரம்பணு போதிய அளவு கிளர்ந்தபோது அது விலக, கால்சியம் உள்ளே பாயும். திறந்த அத்துவாரத்துக்குள் புகுந்து அடைத்துக்கொள்வதே கெட்டமைன் செய்கிற காரியம்.

எழுப்பிவிடும் வாயிலை அடைத்தால் மூளை இன்னும் சோர்ந்துபோக வேண்டுமே, தெளிவது எப்படி என்று வாசகர் கேட்பது நியாயம். சிறிய அளவில் கொடுக்கப்படும்போது கெட்டமைன், முன்மூளைப் புறணியில் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும் காபா நரம்பணுக்களையே முதலில் பற்றுகிறது என்று கருதப்படுகிறது. அடக்குகின்றவை அடங்கிவிடவே, மற்ற நரம்பணுக்களிலிருந்து குளுட்டமேட் திடீரென்று வெள்ளமாகப் பெருகி, அடைபடாத ஆம்பா ஏற்பிகளைத் தாக்குகிறது. அத்தாக்குதலால் பிடிஎன்எஃப் என்ற வளர்ச்சிப் புரதம் வெளிப்படுகிறது. அது எம்டார் என்னும் உள்ளக ஏற்பாட்டை இயக்குகிறது. நரம்பணுச் சந்திகளைக் கட்டுவதற்கு வேண்டிய புரதங்கள் அங்கங்கே உற்பத்தியாகத் தொடங்குகின்றன. யேலில் ரொனால்ட் டூமனும் ஜார்ஜ் அகஜானியனும் 2010இல் எலிகளிடம் இதைக் காட்டினார்கள். ஒரே ஊசியினால் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் எலியின் முன்மூளை நரம்பணுக் கிளைகளில் புதிய முள்முனைகள் அரும்பியிருந்தன. எம்டாரைத் தடுக்கும் ராபமைசின் என்ற மருந்தை முன்னதாகக் கொடுத்துவிட்டால் அவை அரும்பவில்லை, எலியின் சோர்வும் நீங்கவில்லை.

முள்முனை என்றது, நரம்பணுவின் கிளையில் முள்ளளவாகப் புடைத்து நின்று அடுத்த நரம்பணுவின் செய்தியை வாங்கிக்கொள்ளும் நுண்ணிய உறுப்பை. நெடுநாள் கவலையும் ஓயாத அச்சமும் கார்ட்டிசால் முதலிய சுரப்புகளை மிகுவித்து, எலிகளின் முன்மூளையில் இந்த முனைகளை உதிர்த்துவிடுகின்றன என்பது பல பரிசோதனைகளில் கண்ட உண்மை. கோவை நூற்பாலைகளை அறிந்தவர்களுக்கு இதை ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம்: கதிர் சுழன்றுகொண்டே இருந்தும் நூல் ஏறவில்லையென்றால், பஞ்சு தீர்ந்துவிட்டதென்று பழைய சித்தாந்தம் சொல்லிற்று, இழை அறுந்திருக்கிறது, ஒட்ட வேண்டும் என்கிறது புதியது.

இந்த மாற்றத்தைப் பற்றிய ஆராய்ச்சிகளில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது, கானர் லிஸ்டன் என்பவரின் குழு 2019இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டதாகும். உயிருள்ள சுண்டெலிகளின் மூளையை நுண்ணோக்கியால் நாள்தோறும் பார்த்துவந்த அவர்கள், கொடுமைக்குள்ளான எலி கெட்டமைனால் தெளிவது முதல் சில மணி நேரத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது என்றும், புதிய முனைகள் தோன்றுவது அதற்குப் பின்பே, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகே என்றும் கண்டார்கள். உதிர்ந்த முனைகளில் ஏறக்குறைய பாதி, உதிர்ந்த இடத்திலேயே மறுபடி முளைத்தன. புதிதாக முளைத்தவற்றை மட்டும் ஒளியைக்கொண்டு அழித்தபோது, தெளிந்த எலி மீண்டும் சோர்ந்தது. ஆக, முதல் தெளிவைத் தருவது ஒன்று; அத்தெளிவை நிலைநிறுத்துவது மற்றொன்று. மருந்து சரீரத்தைவிட்டு நீங்கிச் சில மணி நேரம் ஆன பின்பும் அதன் பலன் பல நாள் நிற்பதன் இரகசியம் இதில் அடங்கியிருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் எல்லாரும் இந்த ஒரே வழியை ஒப்புக்கொள்ளவில்லை. சீனாவில் ஹாய்லான் ஹூவின் குழு 2018இல் காட்டியது வேறோர் இடத்தை. ஏமாற்றத்தையும் வெறுப்பையும் பதிவுசெய்யும் ஹபெனுலா என்ற சிறு பகுதி, சோர்ந்த எலிகளில் கொத்துக்கொத்தாகத் துடித்து, இன்ப உணர்வுக்குரிய மையங்களை ஒடுக்கிவைத்திருந்தது. கெட்டமைனை அந்த இடத்தில் மட்டும் செலுத்தியபோது துடிப்பு அடங்கிற்று, எலியும் விரைவில் தெளிந்தது. மேரிலாண்டில் டாட் கோல்டின் குழுவோ, கெட்டமைன் உடலில் சிதைந்து உண்டாகும் ஒரு துணைப்பொருளே காரியத்தைச் செய்கிறது என்று 2016இல் வாதித்தது. ஹெல்சிங்கியில் ஈரோ காஸ்ட்ரேனின் குழு 2021இல் சொன்னது இன்னும் வியப்பானது. பழைய ஃப்ளூவாக்ஸெட்டினும் புதிய கெட்டமைனும், பிடிஎன்எஃப் வந்து படியும் டிராக்-பி என்ற ஏற்பியை நேராகவே பற்றுகின்றன. பழையது மூளையில் போதிய அளவு சேர்வதற்கு நாளாவதால்தான் தாமதிக்கிறது என்பது அவர்களுடைய அபிப்பிராயம். அது மெய்யாகுமானால், வாரக்கணக்கில் பலிக்கும் மருந்தும் மணிக்கணக்கில் பலிக்கும் மருந்தும் ஒரே இலக்கை நோக்கி வெவ்வேறு வேகத்தில் நடப்பவையே என்றாகிவிடும்.

மனிதர்களிடம் இதெல்லாம் எந்த அளவுக்குப் பொருந்தும் என்ற வினாவைப் புறக்கணிக்கலாகாது. கெட்டமைன் ஏறும்போது உடலினின்று தான் விலகி மிதப்பதுபோன்ற உணர்ச்சி உண்டாவதால், தனக்குக் கிடைத்தது மருந்தா வெறும் உப்புநீரா என்பதை நோயாளி பெரும்பாலும் ஊகித்துவிடுகிறார். ஊகித்ததும் நம்பிக்கை பிறக்கிறது. நம்பிக்கையும் ஒரு மருந்தே. இதை விலக்கிப் பார்ப்பதற்காக ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார், வேறு காரணத்துக்காக அறுவைச் சிகிச்சைக்கு வந்த நாற்பது மனச்சோர்வு நோயாளிகளுக்கு, அவர்கள் முழு மயக்கத்தில் இருந்தபோதே கெட்டமைனையோ உப்புநீரையோ ஏற்றினார்கள். 2023இல் வெளியான முடிவு: இரு பிரிவினரும் நன்றாகவே தேறினார்கள், இருவருக்கும் இடையே வேற்றுமை இல்லை. முழு மயக்கத்துக்குக் கொடுத்த மற்ற மருந்துகள் கெட்டமைனின் வேலையை மறைத்திருக்கக் கூடும் என்ற சமாதானம் உண்டு. ஆனாலும், விரைவு மருந்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஆய்வையும் சேர்த்தே பேசவேண்டும்.

மின் அதிர்ச்சிச் சிகிச்சையோடு ஒப்பிட்டவையும் உண்டு. திரைப்படங்களால் வீண் அவப்பெயர் சுமந்த அந்தச் சிகிச்சை, இணங்காத மனச்சோர்வுக்கு இன்றளவும் மிக வலிய துணை. மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் கொடாமல் அதைச் செய்யலாகாதென்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்துள்ளது. அமித் ஆனந்த் தலைமையில் அமெரிக்காவில் நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வில், சித்தப்பிரமை கலவாத மனச்சோர்வுடையோரில் கெட்டமைனால் பலன் கண்டவர் நூற்றுக்கு 55. மின் சிகிச்சையால் பலன் கண்டவர் 41. நினைவாற்றலும் முதற்பிரிவினருக்கே குறையாமல் இருந்தது. ஆனால் அதற்கு முன்பே ஸ்வீடனில், ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்ற கடும் நோயாளிகளை ஆராய்ந்தபோது, மின் சிகிச்சையால் முற்றும் தேறியவர் 63 ஆகவும் கெட்டமைனால் தேறியவர் 46 ஆகவும் இருந்தனர். நோய் மிகக் கடுமையாகவும் பிரமை கலந்தும் இருக்கும்போது பழைய சிகிச்சையைத் தள்ளிவிடலாகாதென்பதே இவற்றிலிருந்து நான் கொள்ளும் முடிவு.

கெட்டமைனின் ஒரு பாதியான எஸ்கெட்டமைனை மூக்கில் தெளிக்கும் மருந்தாக அமெரிக்க அரசு 2019 மார்ச்சில் அனுமதித்தது. அதைக்கூட வீட்டுக்கு எடுத்துச் செல்ல விடுவதில்லை. மருத்துவர் முன்னிலையில் தெளித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். அதே மாதத்தில், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கென்று பிரெக்ஸனலோனும், 2023இல் அவ்வினத்தைச் சேர்ந்த ஸுரனலோன் மாத்திரையும் அங்கே அனுமதி பெற்றன. கர்ப்ப காலத்தில் மிகுந்திருந்து பேறுகாலத்தோடு திடீரென்று வீழும் ஒரு சுரப்பை ஒத்து, காபா ஏற்பிகளின் வழியாகச் சில நாட்களிலேயே பலிப்பவை அவை. இருமல் சிரப்பில் நாம் அறிந்த டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனும் என்எம்டிஏ ஏற்பியைத் தொடுவதே. 2022இல் அது வேறொரு மருந்தோடு கூட்டி அனுமதிக்கப்பட்டது. இதைப் படித்துவிட்டு யாரும் சிரப்புப் புட்டியை நாடக்கூடாது. அந்த மருந்தில் அளவும் கூட்டும் வேறு, மிகுந்தால் கெடுதலும் பெரிது.

இந்தியாவில் கெட்டமைன் ஊசி பல்லாண்டுகளாகத் தயாராகி வருகிறது, விலை குறைவு. மயக்கத்துக்கென்று அனுமதிக்கப்பட்ட அதை மனநல நிபுணர்கள் தம் பொறுப்பில் மனச்சோர்வுக்கும் பிரயோகிக்கிறார்கள். நிம்ஹான்ஸைச் சேர்ந்த சித்தரஞ்சன் ஆண்ட்ராடே 2017இல் மருத்துவர்களுக்காக இதன் முறைகளையும் அபாயங்களையும் விளக்கித் தொடர் கட்டுரைகள் எழுதினார். போதைக்காகத் தவறாகப் பயன்படுத்தப்பட்டதால் 2013இல் இம்மருந்து எக்ஸ் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. தனி உரிமமும் மருத்துவரின் இரட்டைச் சீட்டும் இல்லாமல் விற்கலாகாது. அது தேவையான கட்டுப்பாடே. ஏறும் நேரத்தில் இரத்த அழுத்தம் உயரும், தலை சுற்றும், சித்தப்பிரமை நோயுடையவர்களுக்கு அது ஆகாது, நாட்கணக்கில்லாமல் பழகினால் மூத்திரப்பை புண்ணாகும், அடிமைத்தனமும் வரும். ஏற்றிக்கொண்ட அன்று வண்டி ஓட்டலாகாது. மயக்க மருத்துவரின் துணையும், இருதயத்தையும் அழுத்தத்தையும் காட்டும் கருவியும் இல்லாத இடத்தில், ஒரே ஊசியில் துயரம் போய்விடும் என்று சொல்லி அதை விற்கிறவர் எவராயினும், அவரிடமிருந்து விலகுவதே நலம்.

விரைவு என்பது இங்கே தொடக்கத்தின் விரைவு மட்டுமே. 2006ஆம் ஆண்டு ஆய்விலேயே, ஒரு வாரம் வரை பலன் நீடித்தவர்கள் நூற்றுக்கு 35 பேர்தான். ஆகவே முதலில் வாரத்துக்கு இரண்டு முறை, பின்னர் இடைவெளி விட்டு, பல முறை ஏற்ற நேர்கிறது. புதிய முனைகள் அரும்பியிருக்கும் அந்தச் சில நாட்கள், பேச்சுச் சிகிச்சைக்கும், ஒழுங்கான உறக்கத்துக்கும், சிறு சிறு வேலைகளுக்குத் திரும்புவதற்கும், பகையாகிவிட்ட உறவுகளைச் சீர்செய்வதற்கும் கிடைத்த அவகாசம். மூளையில் முளைப்பவை பயன்படுத்தப்பட்டால்தான் நிலைக்கும். அத்தருணத்தில் குடும்பத்தார் தோளோடு நிற்பது, ஊசியின் இரண்டாவது மருந்தளவைப் போலவே இன்றியமையாததென்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன். கடன் தொல்லையும், வீட்டில் அடியும், குடியும் அப்படியே இருக்க, மூளையை மட்டும் திருத்திவிடலாம் என்று எந்த ஆராய்ச்சியாளரும் சொல்லவில்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் வீட்டில் ஒருவர் மாத்திரை உண்டும் தேறவில்லையென்றால், அளவும் காலமும் போதியவையா என்று மருத்துவரிடமே கேளுங்கள். இரண்டு மருந்துகள் தோற்றபின் அடுத்து என்ன என்றும் கேளுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுக் கோயிலுக்கும் குறிசொல்பவரிடமும் அலையும் மாதங்களில் நோய் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களும் இருக்கிறார்கள். உடல் நோய்க்கு உள்ளபடியே மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டுமென்பது 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. உயிரை விட முயன்றவரைக் குற்றவாளியாக நடத்தாமல், கடும் துயரத்தில் இருப்பவராகக் கொண்டு அரசு சிகிச்சையளிக்க வேண்டுமென்பதும் அதே சட்டம்தான். நள்ளிரவில் மனம் பொறுக்க முடியாமல் போனால், 14416 என்ற எண்ணை அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், எந்நேரமும் ஆள் இருப்பார்கள், கட்டணம் கிடையாது.